கூண்டுக்குள் இருபது நிமிடம்

கழுத்துவலி இடது கைக்கு இறங்கி விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்ததும், ராமநாதபுரத்தில் டாக்டர் எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தார். கடலில் வலை இழுக்கிற ஆளுக்கு ஸ்கேன் ஒரு விஷயமா என்று வீட்டில் நினைத்தார்கள். எனக்கல்லவா தெரியும். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு நான் வண்டி ஓட்டியதே இல்லை. படகில் மழை அடித்தாலும் தார்ப்பாய்க்கு வெளியேதான் என் தலை இருக்கும்.

இதற்கு அப்பத்தாவைத்தான் சொல்ல வேண்டும். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடிக்குப் போன ரயிலைக் கடல் கொண்டுபோன கதை எங்கள் பாம்பனில் எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் அலையின் உயரத்தைச் சொல்வார்கள். அப்பத்தா பெட்டிக்குள்ளிருந்து சொல்லும். "மழைக்கு சன்னலெல்லாம் சாத்திக் கெடக்கு. ஒருத்தர் மேல ஒருத்தர். தண்ணி முட்டிக்கு வந்துருச்சு, கதவத் தள்ளுனா தெறக்கல." தண்ணீர் கழுத்துக்கு வருவதற்குள் நான் பாயைவிட்டு எழுந்து வாசலுக்கு ஓடியிருப்பேன். அந்த ரயிலில் போனவர் யாரும் திரும்பவில்லையே, உள்ளே நடந்தது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றியபோது அப்பத்தா இல்லை.

முதல் தடவை ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. கழுத்துக்கு எடுப்பதென்றால் தலைதான் முதலில் உள்ளே போகும். அதற்கும் முன்னால் முகத்துக்கு மேல் கூண்டு மாதிரி ஒன்றை மாட்டுவார்கள். இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. "கண்ண மூடிட்டுப் படுங்க" என்று மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பலகை நகர்ந்து, குழாயின் மேல்பக்கம் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் வந்ததும் கத்திவிட்டேன். கட்டிய பணமும் போச்சு.

அடுத்து மதுரை. இந்தத் தடவை டாக்டரிடம் வெட்கப்படாமல் சொன்னேன். ஸ்கேனுக்கு முன்னால் போட ஒரு மாத்திரை கொடுத்தார், அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது என்றார். மச்சினன் போனிலேயே விசாரித்து, குழாய் அகலமான மிஷின் உள்ள இடமாகப் பிடித்தான். வழக்கமாக 60 சென்டிமீட்டர், இது 70. பத்து சென்டிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேலி பேசினேன். ஆனால் தோள் இடிக்கவில்லை.

அங்கிருந்த தம்பி பொறுமைசாலி. "அண்ணே, இருபது நிமிஷம். ரெண்டு பக்கமும் தெறந்துதான் இருக்கு, காத்து வரும். சத்தம் பெருசா கேக்கும், பயப்படாதீங்க. இத அமுக்குனா வந்துருவேன்" என்று கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, அமுக்கிப் பார்க்கவும் சொன்னான். அமுக்கினேன், வந்தான். கண்ணில் துணியைக் கட்டிய பிறகுதான் பலகையை நகர்த்தினான். உள்ளே போய்க் கண்ணை மூடுவது வேறு, மூடிக்கொண்டு உள்ளே போவது வேறு. மச்சினன் செல்போன், சாவி, பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வந்து என் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

டக்டக்டக் என்று ஆரம்பித்ததும் அப்பத்தாவின் ரயில் வந்துவிட்டது. சாத்திய சன்னல், முட்டிவரை தண்ணீர். பந்தை அமுக்கப் போனேன். அப்புறம் என்ன தோன்றியதோ, ரயிலை மாற்றினேன். சின்ன வயதில் பழைய பாம்பன் பாலத்தில் ஊர்ந்து போகும் ரயிலில், படிக்கட்டில் உட்கார்ந்து, தண்ணீரில் விழும் தூண்களின் நிழலை எண்ணிக்கொண்டு வருவேன். 140-க்கு மேல் தூண்கள். மண்டபம் பக்கமிருந்து எண்ண ஆரம்பித்தேன். ஒரு மூச்சுக்கு ஒரு தூண். மிஷின் சத்தம் தண்டவாளச் சத்தமானது. அறுபது சொச்சத்தில் எச்சில் விழுங்கிக் கணக்கு விட்டுப்போய், மறுபடி மண்டபத்துக்கே வந்தேன். தூக்குப் பாலம் வருவதற்குள் பலகை வெளியே வந்துவிட்டது.

டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கிறதாம், ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். திரும்பும்போது உச்சிப்புளி தாண்டியதும் மழை. பஸ்ஸில் எல்லோரும் ஷட்டரை இறக்கினார்கள். "நனையுதுல்ல மச்சான்" என்றான் மச்சினன். அவனை அந்தப் பக்க சீட்டுக்கு மாறச் சொல்லிவிட்டு, பாலம் வரைக்கும் நனைந்துகொண்டே வந்தேன்.