ரங்கூன் வீட்டுக் கணினிக்கு எந்த இலவச ஆன்டிவைரஸ்?

கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடக்கும் தமிழ் வகுப்புக்குப் பாடத்தாள்கள் தயாரித்துக் கொடுப்பது என் பொறுப்பு. வீட்டில் தட்டச்சு செய்து, பென் டிரைவில் போட்டுக்கொண்டு, அச்சுக்கடைக்குப் போய் நகலெடுத்து வருவது பல ஆண்டுப் பழக்கம். ஒரு சனிக்கிழமை கடையிலிருந்து திரும்பி பென் டிரைவைக் கணினியில் செருகியபோது, ஒவ்வொரு கோப்புறையின் இடது கீழ் மூலையிலும் ஒரு சிறிய அம்புக்குறி ஒட்டிக்கொண்டிருந்தது. பெயர்கள் எல்லாம் என்னுடையவைதான். ஆனால் வகை என்ற இடத்தில் ஷார்ட்கட் என்றும், அளவு என்ற இடத்தில் ஓரிரு கிலோபைட் என்றும் காட்டியது. ஓராண்டுப் பாடங்கள் இருந்த கோப்புறை இரண்டு கிலோபைட்டுக்குள் அடங்கும் என்று நம்ப முடியுமா?

அச்சுக்கடைக் கணினியில் குடியிருந்த ஒரு புழு, அதாவது தானாகவே பரவும் ஒரு தீய நிரல், செய்த வேலை அது. இந்த வகைப் புழு நம் கோப்புகளை அழிப்பதில்லை. அவற்றை மறைத்து வைத்துவிட்டு, அதே பெயரில் போலிக் குறுக்குவழிகளை, அதாவது ஷார்ட்கட்களை, உருவாக்குகிறது. நாம் அந்தப் போலியைச் சொடுக்கினால் முதலில் புழு இயங்கும். பிறகு நம் கோப்புறையும் திறக்கும். ஆகவே நமக்குச் சந்தேகம் வராது. சில புழுக்கள் எல்லாவற்றையும் பெயரே இல்லாத, வெற்றிடத்தைப் பெயராகக் கொண்ட ஒரு கோப்புறைக்குள் தள்ளி, அந்தக் கோப்புறையையும் மறைத்துவிடும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், சில வாரங்களுக்குப் பின் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் தம் மடிக்கணினியோடு வந்து நின்றதுதான். "தம்பி, இந்த ஆன்டிவைரஸ் என் பேரப்பிள்ளை படத்தையெல்லாம் அழிச்சிடுச்சு. மொதல்ல அதை எடுத்துடு" என்றார். அவருடைய பென் டிரைவிலும் இதே புழு புகுந்திருந்தது. ஆன்டிவைரஸ் தன் கடமையைச் சரியாகச் செய்து போலிக் குறுக்குவழிகளை நீக்கிவிட்டது. ஆனால் மறைக்கப்பட்ட உண்மைக் கோப்புகளை மறைவிலிருந்து வெளியே கொண்டுவரவில்லை. அவர் கண்ணுக்கு பென் டிரைவ் காலியாகத் தெரிந்தது. மறைந்த கோப்புகளையும், பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளையும் காட்டும்படி விண்டோஸில் அமைத்தவுடன் படங்கள் அத்தனையும் மங்கிய நிறத்தில் தென்பட்டன. அட்ரிப் என்ற பழைய கட்டளையைக் கொண்டு அந்த மறைப்பை நீக்கிக் கொடுத்தேன். அன்று அவர் கேட்டுக்கொண்டபடி ஆன்டிவைரஸை மட்டும் எடுத்திருந்தால், காவலைக் கலைத்துவிட்டுத் திருடனை உள்ளே விட்டதாக முடிந்திருக்கும்.

"சரி, நான் எதைத்தான் போட்டுக்கொள்வது?" என்று அவர் அன்று கேட்ட கேள்வியை இந்த ஊரில் பலரும் என்னிடம் கேட்டுவிட்டார்கள். வெளிநாட்டு இணையப் பக்கங்களில் வரும் பட்டியல்களைப் பார்த்து இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. அங்கே இணையமும் மின்சாரமும் இருபத்து நான்கு மணி நேரமும் இருக்கும் என்பது சொல்லாமலே எடுத்துக்கொள்ளப்படுகிறது. நமக்கோ மின்வெட்டு அன்றாட வாழ்க்கை. கைபேசி டேட்டாவைக் கணக்குப் பார்த்துத்தான் செலவிடுகிறோம். வெளிநாட்டுக்குப் பணம் கட்ட ஏற்ற வங்கி அட்டை பெரும்பாலான வீடுகளில் இல்லை. எந்தக் கோப்பும் பென் டிரைவில்தான் வீடு மாறுகிறது. இலவச ஆன்டிவைரஸைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த நான்கையும் முன்னால் வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் விண்டோஸுடனேயே வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர். 2004 டிசம்பரில் ஜயண்ட் என்ற சிறிய நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியதில் தொடங்கி, 2009இல் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்ற இலவச மென்பொருளாகி, 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது இயங்குதளத்தின் உள்ளேயே இடம்பிடித்த கதை அதனுடையது. அந்த 2012இல் ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட் சோதனைக்கூடம் எசென்ஷியல்ஸுக்குச் சான்றிதழ் தர மறுத்தது. "விண்டோஸோடு வருவது எதற்கும் உதவாது" என்று இன்றும் நம் கடைக்காரர்கள் சொல்வது அந்தக் காலத்து நினைவு. இப்போது நிலைமை வேறு; அதே சோதனைக்கூடம் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை என்று ஒவ்வொன்றுக்கும் 6 வீதம் வழங்கும் 18 மதிப்பெண்களை டிஃபெண்டர் பல முறை முழுமையாகப் பெற்றிருக்கிறது. விளம்பரம் இல்லை, பதிவு செய்யச் சொல்லும் தொல்லை இல்லை, காலாவதி ஆவதும் இல்லை. இணைய இணைப்பு ஒழுங்காக உள்ள வீட்டுக்கு இதற்கு மேல் ஒன்று தேவையில்லை.

ஆனால் நம் ஊருக்கு இதில் ஒரு குறை இருக்கிறது. டிஃபெண்டர் தன் அறிவில் பெரும்பகுதியை நம் கணினியில் வைத்துக்கொள்வதில்லை. சந்தேகமான கோப்பைக் கண்டால் இணையம் வழியாக மைக்ரோசாஃப்டின் வழங்கிகளை (சர்வர்களை) கேட்டு முடிவு செய்கிறது. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் இயங்கும் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் என்ற சோதனை நிறுவனம், இணையத்தோடு ஒரு முறையும் இணையம் இல்லாமல் ஒரு முறையும் சோதித்து இரண்டு எண்களையும் தனித்தனியே வெளியிடுகிறது. அந்த இரண்டாவது எண்ணைத்தான் நாம் பார்க்க வேண்டும். இணையம் இல்லாதபோது டிஃபெண்டரின் கண்டறியும் திறன் தெளிவாகக் குறைகிறது. பிட்டிஃபெண்டர், அவாஸ்ட் போன்ற வேறு ஆன்டிவைரஸ்களின் திறன் அந்த அளவுக்குக் குறைவதில்லை. 2021 பிப்ரவரியில் இங்கே இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு இரவுதோறும் இணையம் நிறுத்தப்பட்ட நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். அச்சுக்கடையிலிருந்து வந்த பென் டிரைவை அப்படிப்பட்ட ஓர் இரவில் செருகினால், பாதி அறிவோடு நிற்கும் காவல்தான் நம் வாசலில் இருக்கும்.

அப்படியானால் அவாஸ்டைப் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அது திறமையான மென்பொருள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 2014 முதல் 2020 வரை, தன் பயனர்கள் எந்தெந்த இணையப் பக்கங்களைப் பார்த்தார்கள் என்ற விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் வழியாக நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விற்றது என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டி, 2024 பிப்ரவரியில் 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்த வைத்தது. கண்காணிப்பிலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி வீட்டுக்குள் வந்த ஒன்றே வீட்டுச் செய்தியை வெளியே விற்பதை என்னால் எளிதாக மன்னிக்க முடியவில்லை. ஜம்ப்ஷாட் 2020இலேயே மூடப்பட்டுவிட்டது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். அவாஸ்ட் பிடிக்காமல் ஏவிஜிக்கோ அவிராவுக்கோ மாறுபவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: ஏவிஜியை அவாஸ்ட் 2016இலேயே வாங்கிவிட்டது, அவிராவை நார்ட்டன் வாங்கியது, 2022இல் நார்ட்டனும் அவாஸ்டும் இணைந்து ஜென் டிஜிட்டல் ஆயின. கடைகள் நான்கு, முதலாளி ஒருவர்.

காஸ்பர்ஸ்கிக்கும் ஓர் இலவசப் பதிப்பு உண்டு. கண்டறியும் திறனில் அது எப்போதும் முன்வரிசையில் நிற்பது. நிறுவனம் மாஸ்கோவைச் சேர்ந்தது என்ற காரணத்தால் அமெரிக்கா 2024இல் அதன் விற்பனையைத் தடை செய்தது. அந்தத் தடை நம் ஊரைக் கட்டுப்படுத்தாது என்றாலும், முடிவை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறேன். மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு நாம் கேட்கும்போது மட்டும் தேடிப் பார்க்கும். வாசலில் நின்று காக்காது. ஆகவே அது காவலுக்கு உதவாது, மறுசோதனைக்கு நன்றாக உதவும்.

நான் என் கணினியில் போட்டிருப்பது ருமேனியாவின் பிட்டிஃபெண்டர் இலவசப் பதிப்பு. நிறுவும்போது இணையம் வேண்டும், மின்னஞ்சல் கொடுத்து ஒரு கணக்கும் தொடங்க வேண்டும். அந்த ஒரு நாளுக்கு மட்டும் டேட்டாவைச் சேமித்து வைத்துக்கொண்டு செய்தேன். அதற்குப் பிறகு அது அதிகம் பேசுவதில்லை. இன்னோர் ஆன்டிவைரஸ் வந்ததும் டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும், அதை நீக்கினால் மீண்டும் காவலுக்கு வரும். எனவே எதையும் கையால் அணைக்கத் தேவையில்லை. டிஃபெண்டரைத் தவிர வேறு இரண்டை ஒன்றாகப் போடுவது மட்டும் கூடாது. இரண்டும் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் பிடித்து இழுக்க, 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினி மூச்சுத் திணறிவிடும்.

டிஃபெண்டரையே வைத்துக்கொள்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அந்த அக்காவுக்கு நான் செய்து கொடுத்ததும் இதைத்தான். டிஃபெண்டருக்குரிய புதுப்பிப்பை மைக்ரோசாஃப்டின் பக்கத்திலிருந்து தனிக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். 32 பிட், 64 பிட் என்று தனித்தனியே இருக்கும். 100 எம்பியைத் தாண்டும். அலுவலகத்தில் நல்ல இணைப்பு உள்ள ஒருவர் ஒரு முறை இறக்கினால், அதைப் பென் டிரைவில் கொண்டுபோய்ப் பல வீடுகளில் பயன்படுத்தலாம். அதைச் சொடுக்கியதும் திரையில் எந்தச் சாளரமும் திறக்காது. ஒன்றுமே நடக்கவில்லை என்று எண்ணி நான் முதல் தடவை நான்கைந்து முறை சொடுக்கினேன். சில நிமிடம் பொறுத்து, விண்டோஸ் செக்யூரிட்டியில் புதுப்பிப்பு என்ற இடத்தைத் திறந்து பார்த்தால் தேதி மாறியிருக்கும்.

எந்த ஆன்டிவைரஸ் என்பதைவிட முக்கியமான ஒன்றை அக்காவின் கணினியில் கண்டேன். டிஃபெண்டரின் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலில், அதாவது தேடிப் பார்க்க வேண்டாம் என்று விலக்கப்பட்ட இடங்களின் பட்டியலில், சி டிரைவ் முழுவதும் சேர்க்கப்பட்டிருந்தது. வீட்டுக் கதவுக்குப் பூட்டு போட்டுவிட்டுச் சுவரையே எடுத்துவிட்டதைப் போன்றது இது. கணினியை விற்ற கடையில் உரிமம் இல்லாத விண்டோஸைப் போட்டு, அதை இயக்குவதற்கான கருவியை டிஃபெண்டர் பிடித்துவிடாமல் இருக்க இப்படிச் செய்திருக்கிறார்கள். அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. முழு விலையையும் கொடுத்துத்தான் வாங்கியிருந்தார். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் தணியவில்லை. இதைப் படிப்பவர்கள் தங்கள் கணினியில் அந்தப் பட்டியலை இன்றே ஒரு முறை திறந்து பாருங்கள். நீங்கள் சேர்க்காத எதுவும் அங்கே இருக்கக்கூடாது.

இப்படிப்பட்ட திருட்டுக் கருவிகளின் வழியாகவே பரவிய ஸ்டாப் என்ற பணயநிரல் (கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் நிரல்) எத்தனையோ குடும்பப் படங்களைப் பூட்டிப் போட்டது. 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் அதன் 148 வகைகளுக்கு இலவசத் திறவுகோல் ஒன்றை வெளியிட்டது. ஆனால் பின்னால் வந்த வகைகளில் பலவற்றுக்கு அது உதவவில்லை. விண்டோஸ் புதுப்பிப்பை நிறுத்தி வைப்பதும் இதே அளவு ஆபத்தானது. 2017 மே 12 அன்று உலகமெங்கும் வான்னாகிரை என்ற இன்னொரு பணயநிரல் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று வெளியிட்டிருந்தது. டேட்டா செலவாகும் என்று புதுப்பிப்பை முழுவதுமாக அணைக்கச் சொல்லும் அறிவுரையை நம்மில் பலர் கேட்டிருப்போம். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. டிஃபெண்டருக்குரிய வைரஸ் அடையாளங்களை மட்டும் 2028 அக்டோபர் வரை தருவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகள் நம் வீடுகளில் மிகுதி என்பதால், இந்த ஆறுதல் விண்டோஸின் ஓட்டைகளை அடைக்காது என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

போட்ட காவல் விழித்திருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. ஐக்கார் என்ற அமைப்பு இதற்காகவே 68 எழுத்துக்குறிகள் கொண்ட ஒரே வரியை உருவாக்கி வைத்திருக்கிறது. அதில் தீங்கு எதுவும் இல்லை, ஆனால் எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸாகக் கருதிப் பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அக்காவின் கணினியில் அந்த விலக்குப் பட்டியலை அழித்துவிட்டு, நோட்பேடில் அந்த வரியை ஒட்டிச் சேமித்தேன். டெஸ்க்டாப்பில் கோப்பின் படம் தோன்றியது. மூலையில் ஓர் எச்சரிக்கை எழுந்தது. மறு கணமே கோப்பு காணாமல் போனது. அக்கா மறுபடி செய்து காட்டச் சொன்னார், செய்து காட்டினேன். பிறகு பேரப்பிள்ளையின் படங்களை ஒரு தனிப் பென் டிரைவில் எடுத்துக் கொடுத்து, இதை எந்த அச்சுக்கடைக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி, அலமாரியில் வைக்கச் செய்துவிட்டு வந்தேன்.