வெண்டைக்காய் நூலும் 240 ஃபிரேமும்

மைசூர்பாகு கிண்டும்போது அம்மா பாகைத் தொட்டு இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்துப் பார்ப்பார், கம்பி நின்றால் கடலைமாவு உள்ளே போகும். பள்ளிப் பாடப் புத்தகத்தில் பாகுநிலை, அதாவது திரவம் ஓட மறுக்கும் தன்மை, என்று படித்தோமே, அந்தச் சொல்லே இந்தப் பாகிலிருந்துதானே வந்திருக்கும்!

திரவத்தை இப்படி இழுத்து அளக்க ஆய்வகங்களில் தனிக் கருவி உண்டு, விலையைக் கேட்கவே வேண்டாம். 2015இல் சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில் விவேக் சர்மாவின் குழு எளிய வழி ஒன்றை வெளியிட்டது. ஊசிமுனையிலிருந்து ஒரு சொட்டை மெதுவாக இறக்கிக் கீழே உள்ள கண்ணாடியைத் தொடவிட வேண்டும், சொட்டு பரவப் பரவ நடுவில் ஒரு கழுத்து உண்டாகி, மெலிந்து, அறுந்துவிடும். அந்த மெலிவைப் படம் பிடித்தால் போதும். அவர்களிடம் அதிவேகக் கேமரா இருந்தது, என்னிடம் போனில் ஸ்லோமோஷன் இருக்கிறதே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரிஞ்சும் கையுமாக உட்கார்ந்தேன்.

முதல் வீடியோ முழுக்க மினுமினுப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல்பு நொடிக்கு 100 முறை துடிக்கிறது, கண்ணுக்குத் தெரியாதது நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் ஸ்லோமோஷனில் அப்பட்டமாகத் தெரிகிறது. ஜன்னல் வெயிலுக்கு மாறினேன். அப்புறம், என் போன் காட்டும் 960 ஃபிரேம் வெறும் ஏமாற்று, இடையில் உள்ள படங்களை அதுவே கற்பனையாகப் போட்டு நிரப்புகிறது. அளவெடுக்க அதைத் தொடவே கூடாது.

தேன் சமர்த்தாக நடந்துகொண்டது, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரே அளவு மெலிந்து, கிராஃபில் நேர்கோடு. நறுக்கிய வெண்டைக்காயை ஊறவைத்து வடிகட்டிய தண்ணீர் தேனைவிட எவ்வளவோ நீர்த்தது, ஆனாலும் சடாரென்று மெலிந்த கழுத்து திடீரென நூலாகி நின்றுவிட்டது! அதிலுள்ள நீளநீளமான சங்கிலி மூலக்கூறுகள் நீண்டு இழுத்துப் பிடிக்கின்றன. அதற்கப்புறம் தடிமன் பாதியாவதற்கு ஒவ்வொரு முறையும் அதே நேரம்தான், எனக்குச் சுமார் 10 ஃபிரேம், அதாவது 42 மில்லிநொடி. அதில் ஏறக்குறைய பாதி, 20 மில்லிநொடி, அந்தச் சங்கிலிகள் தளர்ந்து சுருள எடுக்கும் நேரம். இதில் அழகு என்னவென்றால் மில்லிமீட்டர் கணக்கே தேவையில்லை, எத்தனை ஃபிரேமில் பாதியாகிறது என்று எண்ணினால் சரி.

வெறும் தண்ணீரையும் முயன்றேன். ஒரு ஃபிரேமில் கழுத்து இருக்கிறது, அடுத்ததில் இல்லை.