ஆசானின் சுருள்வாளை எங்கே மாட்டுவது?

ஊரில் நமக்குத் தற்காப்புக் கலை சொல்லித்தந்த ஆசான் போய்விட்டார்; பதினாறு கழிந்ததும் அவருடைய சுருள்வாள் (சுருட்டி வைக்கும் மெல்லிய தகட்டு வாள்) நம் டொராண்டோ சங்கத்துக்கு வருகிறதாம். கண்ணாடிப் பெட்டி செய்து ஹாலில் மாட்டலாம் என்று செயற்குழுவில் பேச்சு. மாட்டுங்கள். ஆனால் சுருட்டியபடியே வைத்தால் தகடும் தகடும் ஒட்டுகிற இடத்தில்தான் துரு பிடிக்கும், வெளியே தெரியாது. குளச்சல் கடற்கரை உப்புக்காற்றுக்குப் பயந்து ஆசான் வாரம் ஒருமுறை விரித்து, உலர்ந்த துணியால் துடைத்து, தேங்காயெண்ணெய் பூசுவார். டொராண்டோ குளிரில் அது ஆகாது. 24 டிகிரிக்குக் கீழே எண்ணெய் உறைந்து திட்டுத்திட்டாக நிற்கும். தையல் மெஷின் எண்ணெய் போதும். பிரிக்கும்போது நுனியைப் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் நேரே முழங்காலுக்குத்தான் வரும்.

வீசிப் பார்க்கும் ஆசை வேண்டாம். பள்ளிக்கூடத்து நாலரை மணி பெல் அடித்ததும் விளையில் (தோப்பில்) வாளுக்குப் பதிலாக ஈரத்துண்டு சுழற்றினதோடு நம் படிப்பு நின்றுபோனது. மணிக்கட்டு தளர்ந்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் தகடு மடிந்து வீசினவன் மேலேயே விழும். கம்பு, குறுவடி, கத்தி, வாள் எல்லாம் தாண்டினவனைத்தான் அதைத் தொடவிடுவார்.

திருவிதாங்கூர் டச்சுக்காரரைத் தோற்கடித்த 1741 குளச்சல் சண்டையில் வாள் பிடித்த வம்சம் என்று ஊரில் சொல்வார்கள். அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. ஊர் ஊராகப் போய் ஒரு மண்டலம் தங்குவார், கூலி பேசமாட்டார், வெற்றிலையில் வைத்ததை எண்ணாமல் மடியில் கட்டுவார். விழுந்தவனை அடிக்காதே, முதுகு காட்டினவனை அடிக்காதே என்று எந்த ஆசானும் சொல்வார். இவர் பிடிவாதம் வேறு. வர்மம், அதாவது அடிபட்டால் ஆளை வீழ்த்தும் உடம்பின் இடங்கள், 108. அதில் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அத்தனை கொடியதல்லாத தொடுவர்மம் 96. எதைச் சொல்லித் தருவதானாலும் முதலில் அதன் அடங்கல், அதாவது அடிபட்டவனை மீட்கும் வழி. மரத்துப்போன காலைத் தடவி இளக்கத் தெரியாதவன் எவன் தொடையிலும் கைவைக்கக் கூடாது.

பத்தாம் வகுப்புக்காரன் ஒருவன் கூடப் படித்தவனை விலாவில் இடித்து மூச்சுமுட்ட வைத்தானே! (பெயர் வேண்டாம், இந்த மலருக்கு விளம்பரம் தந்திருக்கிறான்.) ஆசான் அடிபட்டவனை நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகில் தட்டி மூச்சை வரவழைத்தார். அப்புறம் அடித்தவனிடம், "இளக்கத் தெரியுமாலே?" அவ்வளவுதான். ஆறு மாசம் ஒற்றைச்சுவடு (தொடக்கக் காலடிப் பயிற்சி), ஒன்றாம் அடியிலிருந்து. நாம் வேலியோரம் நின்று சிரித்தோம்.

12 வருஷம் கூட இருந்தவனுக்கே முழு வர்மமும் என்பது முறை. நம் செட்டில் எவனும் ஐந்தைத் தாண்டவில்லை. பாஸ்போர்ட் வந்தது, விசா வந்தது. வாளைக் கொடுத்தால் அடங்கலையும் சேர்த்துக் கொடுக்கணும் என்பார். இப்போது வாள் மட்டும் பார்சலில் வருகிறது.

பெட்டிக்குத் திறக்கிற கதவாக வையுங்கள். மாசம் ஒருமுறையாவது துடைக்கணும்.