55 செ.மீ.

ஆகஸ்ட் 4, ஞாயிறு
முதுகுவலிக்கான உடற்பயிற்சிப் பந்து வந்துவிட்டது. 55 சென்டிமீட்டர். என் ஐந்தடி மூன்று அங்குல உயரத்துக்கு அதுதான் சரி என்று பிசியோ மேடம் எழுதிக் கொடுத்திருந்தார். தம்பி பம்ப் வைத்துக் காற்றடித்தான். ஒரேயடியாக அடிக்கக் கூடாதாம். இன்று முக்கால்வாசி, பிளாஸ்டிக் விரிந்து கொடுத்ததும் நாளைக்கு மீதி. கூடம் முழுக்க அந்த வாடை. "யாருக்குடி பந்து?" என்றாள் அம்மா, கட்டிலில் இருந்தபடியே.

நேற்று பதினெட்டாம் பெருக்கு. காவேரிக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 5
உட்கார்ந்தேன். இன்றைக்கு அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 7
சுவரோரமாகப் பந்து, கை எட்டும் தூரத்தில் நாற்காலி. உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலை விடச் சற்று மேலே இருக்க வேண்டும். தொப்புளை உள்ளே இழுத்து, மூச்சை அடக்காமல், இடுப்பை முன்னும் பின்னும் மெல்ல உருட்ட வேண்டும். பார்த்தால் ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் அடிவயிறு நடுங்குகிறது. அப்படி ஒரு தசை எனக்குள் இருப்பதே இத்தனை வருஷம் தெரியாது.

ஆகஸ்ட் 11
தூக்கம் வரவில்லை. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அம்மாவை யார் தூக்குவது? இதே கேள்விதான், மூன்று மணி வரை. அன்றைக்கு கமோடு நாற்காலியிலிருந்து அவளைத் தூக்கும்போது முதுகில் பிடித்த பிடி, எல்4-எல்5, அதாவது கீழ்முதுகின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே. வீடு மாடியில். லிஃப்ட் கிடையாது. அவசரம் என்றால் அந்தப் படிகள்.

இன்னொரு பயமும் இருக்கிறது. எனக்கு மாதவிலக்கு நின்றுவிட்டது. நின்ற முதல் சில வருஷங்களில்தான் எலும்பு வேகமாகத் தேயும். அம்மா குளியலறையில் வழுக்கினாள், அவ்வளவுதான், தொடை எலும்பின் கழுத்து உடைந்தது, இடுப்பு மூட்டை மாற்ற வேண்டியதாயிற்று. எனக்கும் அதே எலும்புதானே. பந்து தசைக்கும் நிதானத்துக்கும்தான், எலும்புக்கு நடக்க வேண்டும், எடை தூக்க வேண்டும் என்கிறார் மேடம். சரி, நடக்கிறேன். எப்போது?

ஆகஸ்ட் 12
அம்மா சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 16
மேடம் இன்று பந்தின் கதையைச் சொன்னார். 1963இல் இத்தாலியில் அக்விலினோ கொசானி என்ற பிளாஸ்டிக் உற்பத்தியாளர் செய்ததாம். அதைச் சிகிச்சைக்கு எடுத்துக்கொண்டது சுவிட்சர்லாந்தில். மேரி குவின்டன் என்ற பிசியோதெரபிஸ்ட் மூளை முடக்குவாதம் வந்த குழந்தைகளுக்குப் பயன்படுத்தினார். அப்புறம் பாசலில் சூசன்னே க்ளைன்-ஃபோகல்பாக் பெரியவர்களின் முதுகுக்கு. அங்கே பார்த்துவிட்டுப் போன அமெரிக்கர்கள் வைத்த பெயர்தான் சுவிஸ் பால்.

தன் உடம்பைத் தானே தாங்க முடியாத குழந்தைகளை வைத்துப் பழக்கிய பந்து. இதைத் தொப்பை குறைக்கும் பந்து என்று விற்கிறார்களே, கோபம் வருகிறது.

ஆகஸ்ட் 19
சுவருக்கும் முதுகுக்கும் நடுவே பந்தை வைத்துச் சாய்ந்து, முழங்காலை மடக்கி இறங்க வேண்டும். பந்து கூடவே உருண்டு வருகிறது. நாற்காலி உயரம் வரை இறங்கி, பாதத்தை ஊன்றி எழ வேண்டும். எழும்போதுதான் உறைத்தது: அம்மாவைத் தூக்கும் அசைவே இதுதான். மேடமும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தார். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், நாற்காலி விளிம்புக்கு வரச் சொல்லுங்கள், அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, குனியாமல், உங்கள் முழங்காலை மடக்கி, இருவரும் சேர்ந்து எழுங்கள். தாழ்வான இருக்கை கூடவே கூடாது, மாற்றிய மூட்டு நழுவிவிடலாம்.

ஆகஸ்ட் 20
தொடை இரண்டும் வலி. முதுகில் இல்லை. முதுகில் இல்லை!

ஆகஸ்ட் 23
எதிர்வீட்டு அக்கா: "இந்த வயசுல உனக்கு எதுக்கு இதெல்லாம்?" இந்த வயதில்தான் வேண்டும் அக்கா. இருபதில் யாரைத் தூக்கப் போனேன்?

ஆகஸ்ட் 29
மல்லாந்து படுத்து, குதிகாலைப் பந்தின் மேல் வைத்து, இடுப்பைத் தூக்கி நிறுத்துவது. பந்து அலைகிறது, இரண்டு பக்கமும் தரையில் கையை அழுத்திக்கொண்டேன். கட்டிலிலிருந்து அம்மா எண்ண ஆரம்பித்தாள். நெல் அளக்கிற கணக்கில்: "லாபம், ரெண்டு, மூணு…" எட்டுக்கு மேல் என்னால் முடியாதென்று நினைத்தேன். அவள் நிறுத்தவில்லை, நானும் இறக்கவில்லை. பத்து வந்ததும், "போதும்டி, இறக்கு" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவள் குரல் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

செப்டம்பர் 2
காலையில் நான் ஒருத்தியே அம்மாவைக் கட்டிலிலிருந்து வாக்கருக்கு எழுப்பினேன். வலி இல்லை. நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 4
அம்மாவுக்குக் குளிர் ஜுரம். சிறுநீர் கலங்கலாக வருகிறது.

செப்டம்பர் 5
இன்று எதுவும் செய்யவில்லை. பந்தின் மேல் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினேன். இரண்டு வாய்.

செப்டம்பர் 6, வெள்ளி
102. டாக்டர் உடனே வரச் சொல்லிவிட்டார். தம்பி தஞ்சாவூரில், வர இரண்டு மணி நேரமாகும். ஆட்டோ வாசலில் நிற்கிறது. டிரைவர் ஒரு பக்கம் பிடிக்கிறேன் என்கிறார், இன்னொரு பக்கம் நான். படி இறக்கிவிடலாம்.