சோழவந்தானில் ஒரு ஜோடி ஐஸ் ஸ்கேட்

"வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வந்துரு. கால் வீங்குனதுக்கப்புறம் ஸ்கேட்டைப் போட்டுப் பார்த்தா அளவு தப்பாத் தெரியும்" என்று மதினி முந்தின நாள் ராத்திரியே போனில் சொல்லியிருந்தார். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கே காளவாசலிலிருந்து வண்டியை எடுத்துவிட்டேன்.

சோழவந்தானுக்கு ரயிலிலும் போகலாம். கூடல்நகர், சமயநல்லூர், அதற்கடுத்து சோழவந்தான். ஆனால் எனக்கு மேலக்கால் ரோடுதான் பிடிக்கும். கோச்சடை தாண்டி துவரிமான் வந்துவிட்டால் மதுரைச் சத்தம் பின்னால் நின்றுவிடும். வலது கைப் பக்கம் கூடவே வைகை வரும். தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பக்கத்துக் காற்றில் ஒரு ஈரம் இருக்கும். மேலக்காலில் ஒரு டீ குடித்தேன். தென்கரையை நெருங்கும்போது தென்னந்தோப்புகளுக்கு நடுவே வெற்றிலைக் கொடிக்கால்கள் தெரிய ஆரம்பித்தன. அகத்தி மரத்தைப் பிடித்து ஏறும் கொடிகள், உள்ளே இருட்டும் குளிர்ச்சியுமாக இருந்தன. இந்த வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அத்தை வீட்டில் அதைச் சொல்லாமல் ஒரு கல்யாணப் பேச்சுகூட நடப்பதில்லை. பாலம் ஏறி ஆற்றைக் கடந்தால் சோழவந்தான்.

மதினி என் அத்தை மகள். டொராண்டோ பக்கம் இருக்கிறார். ஜெனகை மாரியம்மன் கோயில் வைகாசித் திருவிழாவுக்காக இந்த வருடம் வந்திருக்கிறார். அங்கே பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி ஒன்றில் ஆறு வருடமாக விளையாடுகிறார். நான் மதுரையில் ஒன்பது வருடமாக வீல் மாட்டி ஹாக்கி ஆடுகிறேன். சிமெண்டுத் தரை, கோல்கீப்பர் போக நாலு பேர். ஐஸில் கோல்கீப்பர் போக ஐந்து பேர். வரும் ஜனவரியில் லடாக் போய், லேயில் உறைந்த குளத்துப் பனியில் ஆடிப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். 2025-ல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி வெண்கலம் வாங்கியது. அந்த அணியில் பெரும்பாலோர் லடாக் பெண்கள். அவர்கள் வளர்ந்த பனியில் ஒரு நாளாவது நிற்க வேண்டும் என்பது அன்றிலிருந்து மனதில் இருக்கிறது.

இதற்கு முன் ஒரே ஒரு தடவை ஐஸில் நின்றிருக்கிறேன். டெல்லிப் பக்கம் ஒரு மாலில், வாடகை ஸ்கேட்டில். கணுக்கால் இரண்டும் உள்பக்கமாக மடிந்தன. ஒரு மணி நேரத்தில் குதிகால் தோல் உரிந்துவிட்டது. ஒன்பது வருடப் பழக்கம் எல்லாம் எங்கே போனது என்று அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. மதினியிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "பூட்டுக்குள்ள குதிகால் ஏறி இறங்குச்சா?" ஏறி இறங்கியது. "அப்ப கோளாறு உன் கால்ல இல்ல, பூட்டுல" என்றார்.

அதன்பிறகு இரண்டு மாதம் வாட்ஸ்அப்பில் இதே பேச்சுதான். ஏ4 தாளில் நின்று, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு காலுக்கும் தனித்தனியாக. எனக்கு இடது கால் கொஞ்சம் நீளம். பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும்.

அளவு விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஐஸ் ஹாக்கி ஸ்கேட்டின் எண், அமெரிக்க ஷூ எண்ணைவிட ஒன்று அல்லது ஒன்றரை குறைவாக இருக்கும், அதுவும் ஆண்கள் எண்ணைவிட. நம் கடைகளில் போட்டிருப்பது பிரிட்டிஷ் எண். அதனால் கணக்குப் போட்டால் ஸ்கேட் எண் கிட்டத்தட்ட நம் செருப்பு எண்ணுக்கே வரும், அல்லது அரை குறையும். எனக்கு இங்கே 6. என் வீல் ஸ்கேட் 7. வளரும் காலில் போடும் பழக்கத்தில் ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, தடித்த சாக்ஸ் போட்டு நிரப்பி ஓட்டியது அது. சிமெண்டில் அது தெரியவில்லை. நாலு வீலும் தரையில் உட்கார்ந்திருக்கும்போது கால் உள்ளே கொஞ்சம் ஆடினாலும் வண்டி ஓடும்.

மதினி இரண்டு புது ஜோடி கொண்டுவந்திருந்தார். இரண்டும் பாவர் கம்பெனி, இரண்டும் ஐந்தரை. ஒன்று ஃபிட் 2, இன்னொன்று ஃபிட் 3. ஃபிட் 1 ஒடுக்கமான காலுக்கு, 3 அகலமான காலுக்கு. சிசிஎம் கம்பெனியில் இதையே டேப்பர்ட், ரெகுலர், வைடு என்று சொல்கிறார்கள். தேர்ந்தெடுக்காத ஜோடியை அவர் திரும்பக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்துவிடுவார். அதனால் இரண்டிலும் பிளேடைத் தீட்டாமல், பூட்டைக் காலுக்கு ஏற்ப இளக்கச் சூடு காட்டாமல் வாங்கி வந்திருந்தார். தீட்டிவிட்டால் கடை திரும்ப வாங்காது.

அத்தை நடு வீட்டில் ஜமுக்காளம் விரித்துக் கொடுத்தார். பிளேடுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்தேன்.

முதலில் லேஸ் கட்டாமல் காலை உள்ளே விட்டு, விரல்களை முன்னால் முட்டும்வரை தள்ளச் சொன்னார். குதிகாலுக்குப் பின்னால் அவருடைய ஒரு விரல் பாதிதான் நுழைந்தது. அது சரி. அப்புறம் குதிகாலைப் பின்னால் தள்ளி, தரையில் இரண்டு தட்டுத் தட்டி, கீழிருந்து மேலே ஒவ்வொரு ஓட்டையாக இழுத்துக் கட்டினார். எழுந்து நேராக நின்றால் கட்டைவிரல் முன் மூடியை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் அந்தத் தொடுதல் விலக வேண்டும். இரண்டு ஜோடியிலும் அப்படியே நடந்தது.

வித்தியாசம் தெரிந்தது அடுத்துதான். ஃபிட் 3 போட்டபோது முதல் நிமிடத்தில் சொர்க்கமாக இருந்தது. நம் கால் செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த கால், முன்பாதம் விரிந்திருக்கும். விரல்களுக்கு அவ்வளவு இடம். ஆனால் நுனிக்காலில் எழும்பியபோது குதிகால் ஒரு நெல் அளவுக்கு மேலே வந்தது. மதினி பின்னால் உட்கார்ந்து கவனித்துக்கொண்டே இருந்தார். "வந்துச்சா?" "கொஞ்சூண்டு, மதினி." "கொஞ்சமே ஐஸ்ல நிறைய."

அப்புறம் என் தம்பி மகனின் பென்சிலை வாங்கினார். லேஸைத் தளர்த்தி, பூட்டின் நாக்கை முன்னால் இழுத்துவிட்டு, மேலிருந்து மூன்றாவது ஓட்டையின் இரண்டு பக்கத்திலும் பென்சிலைக் குறுக்கே வைத்தார். பென்சில் இரண்டு விளிம்பிலும் படிந்து உட்கார்ந்தால் பூட்டின் ஆழம் போதும். நடுவில் காலில் முட்டிக்கொண்டு ஆடினால் ஆழம் போதாது, மேல்பாதம் நசுங்கும். இரண்டிலும் பென்சில் அசையாமல் உட்கார்ந்தது. ஆனால் ஃபிட் 3-ல் இழுத்துக் கட்டியபோது இரண்டு பக்க ஓட்டை வரிசையும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டன. காலுக்கு மிஞ்சிய இடம் உள்ளே இருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

ஃபிட் 2-ல் குதிகால் இம்மிகூட அசையவில்லை. யாரோ உள்ளங்கையால் பிடித்துக்கொண்டதுபோல இருந்தது. ஆனால் இடது சுண்டுவிரல் பக்கம் கடித்தது. ஐந்து நிமிடத்தில் வலியே வந்துவிட்டது. அப்போதுதான் மதினி என் சாக்ஸைப் பார்த்தார். பழைய வழக்கப்படி தடித்த பருத்தி சாக்ஸ். "இதைக் கழட்டுடி முதல்ல" என்று தன் பையிலிருந்து மெல்லிய ஜோடி ஒன்றைக் கொடுத்தார். அதைப் போட்டதும் கடி, இறுக்கமாக மாறியது. இறுக்கம் வேறு, வலி வேறு. அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்து அத்தையோடு பேசிக்கொண்டு வெண்பொங்கல் சாப்பிட்டேன். கழற்றிப் பார்த்தபோது சுண்டுவிரல் பக்கம் லேசான சிவப்பு, பத்து நிமிடத்தில் மறைந்தது.

பக்கத்தில் கடிக்கும் ஒரு இடத்தைக் கடையில் கருவி வைத்து வெளியே தள்ளித் தருவார்கள், குதிகாலில் மிஞ்சிய இடத்தைச் சுருக்குவது அவ்வளவு சுலபமில்லை. மதினி இதைச் சொன்னதும் எனக்கு முடிவு தெளிவாகிவிட்டது. ஃபிட் 2.

இதற்கு நடுவில் தெருவில் சாணை பிடிக்கிறவர் குரல் கேட்டது. அத்தை அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு போனார். எனக்கும் ஒரு எண்ணம். மதினியின் பழைய ஸ்கேட்டையும் என் புது ஸ்கேட்டையும் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். அவர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார். நிறுத்திவிட்டு, பழைய பிளேடைத் திருப்பி, கண்ணுக்கு நேராகப் பிடித்து, கட்டைவிரலைக் குறுக்கே வைத்துப் பார்த்தார்.

"இதுக்கு ரெண்டு முனை இருக்கே தாயி. நடுவுல வாய்க்கா ஓடுது."

ஆமாம், அதுதான் விஷயம். சுமார் 3 மில்லிமீட்டர் கனமுள்ள பிளேடு, அடியில் நீள வாக்கில் ஒரு பள்ளம். பள்ளத்தின் இரு கரைகள்தான் பனியைப் பிடிக்கும் முனைகள். புது பிளேடைக் காட்டினேன். அது தட்டையாக இருந்தது. கடையிலிருந்து வரும் புது பிளேடு பெரும்பாலும் அப்படித்தான் வரும். தீட்டாமல் அதில் ஏறினால் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். "இது என் கல்லுல ஆகாதும்மா. நான் தீட்டுனா ஒரு முனைதான் வரும். இதுக்குக் கல்லே வளைஞ்சிருக்கணும்" என்றார் சாணைக்காரர். பார்த்ததும் சொன்னார். உண்மையில் ஸ்கேட் தீட்டும் இயந்திரத்தில் கல்லின் விளிம்பைத்தான் வளைவாகச் சீவி வைப்பார்கள். அந்த வளைவின் ஆரம்தான் அளவு: 1/2 அங்குலம், 5/8 அங்குலம் என்பார்கள். எண் சிறிதானால் பள்ளம் ஆழம், பிடி அதிகம். எண் பெரிதானால் பள்ளம் குறைவு, வழுக்கல் அதிகம், ஓட்டத்தை நிறுத்துவது சுலபம்.

வீலில் பழகியவர்களுக்கு ஆழமான பள்ளம் வேண்டாம் என்பது மதினியின் கட்சி, இப்போது என் கட்சியும். வீலில் நாம் நிற்பது தேய்த்துத்தான். ஐஸில் பிளேடைக் குறுக்கே திருப்பிப் பனியைச் சீவி நிற்க வேண்டும். பள்ளம் ஆழமாக இருந்தால் சீவுவதற்குப் பதில் குத்திக்கொள்ளும், ஆள் முன்னால் போய் விழுவார். ஆனால் எனக்கு எடை அதிகமில்லை, ரொம்பக் குறைந்த பள்ளத்தில் பிடி கிடைக்காது, ஆதலால் 1/2-ல் ஆரம்பிக்கலாம், பயமாக இருந்தால் 5/8-க்குப் போகலாம் என்று பேசி முடித்தோம்.

இன்னொன்றும் வாசலில் வைத்தே காட்டினார். பிளேடைத் திண்ணை விளிம்பில் நிறுத்தினால் நடுவில் கொஞ்சம்தான் தொடுகிறது, முன்னும் பின்னும் தூக்கிக்கொண்டிருக்கிறது. வீல் ஸ்கேட்டில் முதல் வீலிலிருந்து கடைசி வீல் வரைக்கும் ஒரு பலகைபோல நிற்கலாம். இங்கே முன்னால் சாய்ந்தால் முன்னால் போகும், பின்னால் சாய்ந்தால் பின்னால். மாலில் நான் தடுமாறியதற்கு இது பாதிக் காரணம்.

மதுரையில் தீட்ட ஆள் இல்லை என்பதால் மதினி ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். இந்த பூட்டில் பிளேடைத் தனியே கழற்றலாம், தாங்கியில் இருக்கும் விசையை இழுத்தால் போதும். அதே நீளத்தில் ஒரு ஜோடி பிளேடு மட்டும் தனியாக வாங்கி, 1/2 அங்குலத்தில் தீட்டியே கொண்டுவந்திருந்தார். என்னிடம் இரண்டு ஜோடி பிளேடு இருக்கும். தட்டையானதை அவர் ஊருக்கு எடுத்துப்போய்த் தீட்டி, நவம்பரில் வரும் சொந்தக்காரர் கையில் கொடுத்துவிடுவார்.

என் பழைய வீல் பூட்டிலேயே வீலைக் கழற்றி பிளேடு மாட்ட முடியாதா என்று ரொம்ப நாளாக ஒரு ஆசை இருந்தது. முடியும். இரண்டு பூட்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான், தாங்கியை ரிவெட் அடித்துத்தான் பொருத்துகிறார்கள். ஆனால் ஒரு சைஸ் பெரிய, ஒன்பது வருடத்தில் கணுக்கால் பக்கம் துவண்டுபோன பூட்டுக்கு அந்தச் செலவு எதற்கு? அதை ஆசையோடு சிமெண்டிலேயே ஓட்டுவேன்.

சூடு காட்டுவது மட்டும் பாக்கி. கடைகளில் அதற்கென்றே இருக்கும் அடுப்பில் பூட்டைச் சில நிமிடம் வைத்து, இளகியதும் காலில் மாட்டிக் கட்டி, ஆறும்வரை அசையாமல் உட்கார வைப்பார்கள். அத்தை, ஊரில் பேக்கரி இருக்கிறதே என்றார். மதினி பதறிவிட்டார். சூடு கூடினால் பசை விட்டுப் பூட்டே போய்விடும். தினம் ஒரு மணி நேரம் வீட்டில் போட்டு உட்கார், காலே அதை வளைத்துக்கொள்ளும் என்றார்.

மத்தியானம் சாப்பிட்டு, கோயிலுக்குப் போய்விட்டு, நாலு மணிக்குக் கிளம்பினேன். அத்தை ஒரு கவுளி வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றிப் பையில் வைத்தார். "பிளேடை ஈரமா வைக்காத, துருப் பிடிச்சுரும். துணி உறை மாட்டி வை, பிளாஸ்டிக் உறை நடக்குறப்ப மட்டும்" என்று மதினி வாசல் வரை சொல்லிக்கொண்டே வந்தார். ஈர வெற்றிலையையும் பிளேடையும் ஒரே பையில் வைத்திருக்கிறேன் என்பது தென்கரைப் பாலத்தில்தான் உறைத்தது. வண்டியை ஓரம் கட்டி, வெற்றிலையை முன்னால் கொக்கியில் மாட்டிக்கொண்டேன்.

ராத்திரி மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, மெல்லிய சாக்ஸ் போட்டு, கீழிருந்து ஒவ்வொரு ஓட்டையாகக் கட்டினேன். ஒரு மணி நேரம் கழித்துக் கழற்றினேன். சுண்டுவிரல் பக்கம் காலையில் இருந்ததைவிடச் சிவப்பு குறைவு. குதிகாலில் ஒன்றுமே இல்லை.