தலைக்கு மேலே இருந்த சதுக்கம்

மியூனிக் வந்து ஒன்பது மாதம் ஆகியும் மரியன்பிளாட்ஸ் சதுக்கத்தை நான் பார்த்ததில்லை. தினம் இரண்டு தடவை அதற்கு அடியில்தான் எஸ்-பான் என்ற புறநகர் ரயிலிலிருந்து இறங்கி யூ-பான் என்ற சுரங்க ரயிலுக்கு ஓடுகிறேன். ஏறிப்போய் எட்டிப் பார்த்தால் ஒரு வண்டி தவறிவிடும் என்ற கணக்கிலேயே மாதங்கள் போய்விட்டன. ஊரிலிருந்து அம்மா வந்த பிறகுதான் வெட்கம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை இங்கே மளிகைக்கடை முதல் துணிக்கடை வரை அடைத்துக் கிடக்கும். (சனிக்கிழமை பால் வாங்க மறந்து ஆரம்பத்தில் திண்டாடியிருக்கிறோம்.) வேறு வேலை இல்லை, நால்வரும் கிளம்பினோம்.

மேலே வந்ததும் எதிரே கறுத்துப்போன பிரம்மாண்டமான கோபுரம். "எத்தன நூறு வருசம்டா இருக்கும்?" என்றார் அம்மா. 1867இல்தான் கட்டத் தொடங்கினார்கள். பெயரே புதிய நகர மன்றம். கிழக்குக் கோடியில் சின்னதாக நிற்பதுதான் பழையது, அதையும் போரில் குண்டு விழுந்த பிறகு திரும்ப எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். அம்மா நம்பவில்லை.

பதினொரு மணிக்குக் கூட்டம் மொத்தமும் போனைத் தூக்கியது. கோபுரத்தில் 43 மணிகள் ஒலிக்க, 32 பொம்மைகள் சுற்றி ஆடும். மேல்தட்டில் 1568இல் நடந்த இளவரசர் கல்யாணம். குதிரைவீரர்கள் ஈட்டியோடு மோத, நீலவெள்ளை உடுத்த பவேரியாக்காரன் (மியூனிக் இருக்கும் மாநிலம் அது) நாள் தவறாமல் ஜெயிக்கிறான். கீழ்த்தட்டில் பீப்பாய் செய்பவர்களின் ஆட்டம். கொள்ளைநோய்க்குப் பயந்து வீட்டுக்குள் முடங்கிய சனங்களை வெளியே வரவழைக்க ஆடியது என்று கதை. உள்ளதைச் சொன்னால், ரொம்ப மெதுவு. கழுத்து வலித்தது. மகள் பாதியிலேயே புறாக்களின் பின்னால் போய்விட்டாள். கடைசியில் தங்கச் சேவல் கூவியது. "இதுக்காடா இவ்வளவு நேரம்?"

அம்மாவுக்கு நடுவிலிருந்த தூண்தான் பிடித்தது. உச்சியில் பொன்னிற மாதா. அடியில் நான்கு குட்டித் தேவதைகள், ஆளுக்கொரு மிருகத்தோடு சண்டை போடுகின்றன. போனில் பார்த்துச் சொன்னேன்: சிங்கம் போர், டிராகன் பஞ்சம், பாம்பு அவிசுவாசம், சேவலும் பாம்பும் கலந்தது கொள்ளைநோய். 1632இல் ஊரைப் பிடித்த சுவீடன் படை அதை அழிக்காமல் விட்டுப்போனதற்காக, மாக்சிமிலியன் என்ற அரசர் 1638இல் நிறுத்தியது என்றேன்.

"வேண்டிக்கிட்டாரா?"

"ஆமாம்மா."

"நேர்த்திக்கடன்னு சொல்லேன். அம்மையும் பஞ்சமும் போக நாம மாரியாத்தாகிட்ட கேக்கறதுதானே."

அக்டோபர் குளிரில் ஷூவைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். யாராவது பார்க்கிறார்களா என்று நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். அதற்குள் மனைவியும் ஷூவைக் கழற்றியிருந்தாள்.

மூலையில் மீன் நீரூற்று. கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் அன்று மேயர் இங்கே வந்து காலிப் பணப்பையைக் கழுவுவார்; கஜானா வற்றாது என்று நம்பிக்கை. இதைச் சொல்லியிருக்கக் கூடாது. "இன்னிக்கு ஞாயிறுதான், பரவாயில்ல, நனைங்க," என்று மனைவி என் சட்டைப்பையைக் காட்டினாள். நனையாமல் இருக்கப் பர்ஸிலிருந்த பணத்தை முதலில் வெளியே எடுத்தேன். மாதக் கடைசி, எடுக்க அதிக நேரம் ஆகவில்லை.