ஜோக் விழ வேண்டிய இடம்

சூப்பர்ஹீரோ படங்களில் மார்வெல் கம்பெனி படங்களில் காமெடி ஜாஸ்தி, டிசி கம்பெனி படங்களில் இருட்டு ஜாஸ்தி என்ற பேச்சு புளித்துப் போய்விட்டது. அளவில் ஒன்றுமில்லை. ஜோக் எப்போது விழுகிறது, யார் வாயிலிருந்து வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மார்வெலின் 'தோர்: ராக்னராக்' (2017) கிளைமாக்ஸ். தோரின் ஊரான அஸ்கார்டின் மக்கள் விண்கப்பலில் நின்று சொந்த ஊர் அழிவதைப் பார்க்கிறார்கள். அஸ்திவாரம் உறுதியாக இருந்தால் திரும்பக் கட்டிக்கொள்ளலாம் என்கிறான் தோரின் கல்லுடம்பு நண்பன் கோர்க். சொல்லி முடிப்பதற்குள் ஊரே வெடித்துச் சிதறுகிறது. அஸ்திவாரமும் போச்சு, ஸாரி என்கிறான். தனியாக எடுத்துப் பார்த்தால் அருமையான ஜோக். ஆனால் கோர்க் அந்த ஊர்க்காரன் இல்லை, அவனுக்கு அங்கே இழக்க எதுவும் இல்லை. துக்கம் தொண்டைக்கு வரும் நேரத்தில் வெளியாள் ஒருவன் குறுக்கே புகுந்து பேசினால் அது அப்படியே இறங்கிப்போகும்.

அதே ஆண்டு வந்த 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி' இரண்டாம் பாகம் இதைச் சரியாகச் செய்தது. தன்னை வளர்த்த யோண்டு அம்பைப் பிடித்துக்கொண்டு மிதந்து இறங்க, மேரி பாப்பின்ஸ் மாதிரி இருக்கிறாய் என்கிறான் நாயகன் குவில். மேரி பாப்பின்ஸ் என்பது குழந்தைகள் கதையில் குடை பிடித்துப் பறந்து வரும் ஆயா; யோண்டுவுக்கு அது தெரியாது. அந்த ஆள் கெத்தா என்று கேட்கிறான் யோண்டு. ஆமாம் என்று குவில் அடித்துவிட, நான்தான் மேரி பாப்பின்ஸ் என்று பெருமையாகக் கத்துகிறான். அப்பா மகன் பாசம் அந்தப் பொய்யில் உட்கார்ந்துவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் யோண்டு குவிலுக்காக உயிரை விடும்போது அங்கே ஜோக் கிடையாது. தேவையும் இல்லை, முன்னால் சிரித்ததுதான் இப்போது வலிக்கிறது.

சிரிப்பும் பயங்கரமும் ஒரே ஷாட்டில் வர முடியுமா? டிசியின் பேட்மேன் படமான 'த டார்க் நைட்' (2008) பென்சில் காட்சியில் வருகிறது. பென்சிலை மேஜையில் குத்தி நிறுத்தி, மாயமாக்கிக் காட்டுகிறேன் என்கிறான் வில்லன் ஜோக்கர். நெருங்கி வந்த அடியாளின் தலையைப் பிடித்து அதன் மேல் அறைகிறான். பென்சில் காணோம். ரத்தத்தைக் காட்டவே இல்லை. காட்டியிருந்தால் சிரிப்பு வராது, சிரிக்காவிட்டால் அந்தக் குற்ற உணர்வும் வராது. வில்லன் காமெடி பண்ணலாம். வில்லனைக் காமெடியாக்கினால் படம் காலி.

எடிட்டிங் மேஜையில் செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. ஜோக்கை வெட்டிவிட்டு சீனை ஓட்டுங்கள். எதுவும் குறையவில்லையென்றால் அது வெறும் ஒட்டு. இயக்குநர் ஸாக் ஸ்னைடர் விலகியபின் மறுபடப்பிடிப்பு செய்து வெளியிட்ட 2017 'ஜஸ்டிஸ் லீக்'கில் இந்த ஒட்டுகளின் தையல் பளிச்சென்று தெரியும். இன்னொன்று, மரணத்துக்குப் பிறகு அடுத்த ஆளின் முகத்துக்கு ஓடாதீர்கள். இழந்தவன் முகத்திலேயே சில நொடி நில்லுங்கள். பின்னணி இசையையும் கொஞ்சம் தாமதியுங்கள்.

நம் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் மலையாள 'மின்னல் முரளி' (2021). நம்மூர் குரு சோமசுந்தரம் நடித்த வில்லன் ஷிபுவை ஊர்தான் பைத்தியம் என்று ஒதுக்குகிறது. அவன் காதலைப் படம் ஓரிடத்திலும் கிண்டல் செய்வதில்லை.